கச்சானில் அடித்த வெள்ளை எண்ணெய்

கிண்ணியா
11.04.1979

அன்புள்ள மச்சான்,

சலாம் சொல்லிவிட்டு நேரே சண்டைக்கு வருகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொன்னால் தபால்காரனே சிரிப்பான். "வேலை கூட. உடம்பைப் பார். பரீனாவுக்கு முத்தம். பிறகு எழுதுகிறேன்." கொழும்பில் கடதாசிக்குத் தட்டுப்பாடோ? புறக்கோட்டையில் இரும்புச் சாமானும் பயிர் மருந்தும் விற்கிற அவ்வளவு பெரிய கம்பனியில் ஒரு தாள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், இங்கிருந்து அனுப்பி வைக்கிறேன்.

நமது தேசித் தோட்டம், ஒரு எலுமிச்சை மரம் விடாமல், கறுத்துப்போய் நிற்கிறது. இலைக்கு அடிப்பக்கமும் கொப்பிலும் செதில் செதிலாகப் பூச்சி. மேலே குசினிப் புகை படிந்த மாதிரிக் கரி. எறும்பு வரிசை வரிசையாக ஏறுகிறது. இவ்வளவு நாளும் உப்புவெளி ஹோட்டலுக்குக் காய் கொடுத்தோம் அல்லவா, போன கிழமை மனேஜர் கனகசுந்தரம் ஐயா கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டார். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற வழியில் என் தம்பி ஸஹாப்தீன்தானே கொண்டுபோய்க் கொடுக்கிறவன். அவனிடம் சொன்னாராம்: "தம்பி, வெள்ளைக்காரர் தேசிக்காயைத் தோலோட வெட்டிக் கிளாசுக்குள்ள போடுறவங்கள். இந்தக் கரியைக் கண்டால் குடிப்பாங்களோ? அதுக்காக மருந்தடிச்சுக் கொண்டராதையும். நஞ்சு பட்ட காயெண்டால் எங்களுக்கு வேண்டவே வேண்டாம்."

நஞ்சடிக்க எனக்கும் விருப்பம் இல்லை. பக்கத்து வளவு உம்மு குல்சும் மாமி தன் மரங்களுக்கு அடித்தா. அந்தப் பக்கம் மேய்ந்த என் கோழிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாமியோடு சண்டை பிடிக்க ஏலுமா? அவவும் பூச்சிக்குத்தானே அடித்தா. ஆனால் பரீனா பள்ளிக்கூடம் விட்டு வந்து வெறுங்காலோடு ஓடித் திரிகிற தோட்டம் இது. மரம் பட்டுப்போனாலும் நான் நஞ்சு தொடமாட்டேன்.

இன்னொரு விஷயம். புடவைக் கடையைப் பூட்டின அன்று, சாப்பாட்டில் வைத்து, என் தம்பிமாருக்கு முன்னால், "கையில ஒரு தொழிலோடதான் இனி நான் கிண்ணியாத் துறை கடப்பன், பொஞ்சாதி ஊட்டுல குந்தித் தின்னமாட்டன்" என்று சொன்னீர்கள். யார் உங்களிடம் அப்படிக் கேட்டது? நம்முடைய ஊரில் எந்த மாப்பிள்ளை பெண் வீட்டில் இல்லை? வெளிநாட்டுச் சீலை வந்து எல்லோருடைய கடையும்தான் படுத்தது. உங்களுக்கு மட்டும் ஏன் இந்த ரோசம்?

செதிலுக்கு நஞ்சில்லாத மருந்து ஏதும் உங்கள் கம்பனியில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் நீங்களாவது வாருங்கள்.

நிஸா


கொழும்பு
25.04.1979

அன்பின் நிஸா,

இந்தா, இந்த முறை தாள் தாளாக எழுதுகிறேன். வாசித்துக் களைத்துப்போனால் என்னைப் பேசாதே.

நீ கேட்டது இருக்கிறது. நான் சும்மா சொல்லவில்லை, உன் கடிதத்தை வாசித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் கம்பனி இப்போது ஒரு எண்ணெய் இறக்குகிறது. மண்ணெண்ணெய் வருகிற அதே நிலத்தெண்ணெய்தான். ஆனால் நன்றாகச் சுத்திகரித்து, நிறமும் மணமும் எடுத்து, பயிருக்கென்றே செய்தது. வெள்ளை எண்ணெய் என்றுதான் கடையில் சொல்கிறோம். இது நஞ்சில்லை. தண்ணீரில் கலந்து அடித்தால் செதிலின் மேல் மெல்லிசாகப் படியும், பூச்சி மூச்சு முட்டிச் செத்துப்போகும், அவ்வளவுதான். கோழிக்கும் பிள்ளைக்கும் பயமில்லை. போன வருஷம் இதைக் கேட்டு ஒரு குருவியும் வரவில்லை. இப்போது பிபிலைத் தோடம்பழத் தோட்டக்காரர் வருகிறார்கள், வெளிநாட்டுக்குப் பூ அனுப்புகிறவர்கள் வருகிறார்கள், பீப்பாய் வந்து இறங்க முதலே ஓடர் எழுதிவிட்டுப் போகிறார்கள். உன் கனகசுந்தரம் ஐயா சொன்னதையேதான் அவர்களும் சொல்கிறார்கள். வாங்குகிறவன் இப்போது நஞ்சு பட்டதா என்றுதான் முதலில் கேட்கிறானாம்.

இனிமேல் வருவதைக் கவனமாக வாசி. கம்பனிக்கு மாவட்டத்துக்கு ஒரு ஏஜென்ட் வேண்டும். முதலாளியிடம் கேட்டேன். "ஜவாஹிர், உம்முட ஊரில ஒரு தோட்டத்தைச் சுத்தமாக்கிக் காட்டும். எங்கட தங்கரத்தினத்தை அனுப்பிப் பாக்கிறன். அவர் ஓம் எண்டு சொன்னால் திருகோணமலை ஏஜென்சி உமக்குத்தான்" என்றார்.

நிஸா, ஏஜென்சி என்றால் வேறொன்றுமில்லை, நான் வீட்டுக்கு வருவது. நமது தோட்டம் சுத்தமானால் நான் தொழிலோடு துறை கடப்பேன். ரோசம் என்று நீ சிரி. கடையைப் பூட்டிச் சாவியை உன் கையில் தந்தேனே, அந்தக் கையைப் பார்க்க எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு டின் லொறியில் அனுப்புகிறேன். ஸஹாப்தீன் டவுனில் எடுக்கட்டும். வாளித் தண்ணீருக்கு ஒரு பேணி. நன்றாகக் கலக்கு, அடிக்கும்போதும் மெசினைக் குலுக்கிக்கொண்டே இரு, இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்துவிடும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். ஜூனில் அடி. இங்கே தோட்டக்காரர் எல்லோரும் ஜூனுக்குத்தான் நாள் வைத்திருக்கிறார்கள்.

பரீனாவுக்கு வாப்பாவின் முத்தம். உனக்கும்தான், தபால்காரன் வாசிக்காவிட்டால்.

ஜவாஹிர்


கிண்ணியா
20.05.1979

அன்புள்ள மச்சான்,

டின் வந்து சேர்ந்தது. ஸஹாப்தீன் அதைத் தோளில் வைத்துக்கொண்டு துறையில் பாதைப் படகில் ஏறினானாம். பாதையில் வந்த சனமெல்லாம், "என்ன தம்பி, நெய்யா?" என்று கேட்டதாம். வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிக்கிறான். "ராத்தா, சீனன்குடாக் காட்டுக்குள்ள வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கி எல்லாம் நிக்குது. நான் நாள் முழுக்கக் கப்பல் எண்ணெய்க்குள்ளதான் கிடக்கிறன். நம்மட மச்சான் கொழும்பிலயிருந்து எண்ணெய் அனுப்புறார்!" நான் அவனுக்கு நல்லாகக் கொடுத்தேன். கப்பலுக்கு ஊற்றுகிறதை மரத்துக்கு ஊற்றினால் மரம் தப்புமா என்று கேட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம்தான். மரத்துக்கு எண்ணெயைப் பூசினால் பொரிந்துபோகாதா? அதனால் கிணற்றடி மரத்தில் ஒரே ஒரு கொப்புக்கு மட்டும் அடித்துப் பார்த்தேன். தண்ணீரில் ஊற்றினதும் பால் மாதிரி ஆகிவிட்டது. பரீனா, "உம்மா, குடிக்கலாமா?" என்று கேட்கிறாள். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால், மச்சான், நகத்தால் தட்டத் தட்டச் செதில் காய்ந்து உதிர்கிறது. கரியும் தோல் மாதிரிக் கழன்று வருகிறது. அந்தக் கொப்பைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று சிரித்தேன். உம்மு குல்சும் மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "புள்ளைக்கு என்ன, புருஷன் வாறானா?" என்று கேட்டா. ஓம் மாமி, வருவார் என்று சொன்னேன்.

வேறு புதினம் இல்லை. கச்சான் காற்றுக் கிளம்பிவிட்டது. மணல் குசினிக்குள் வந்து சோற்றுப் பானையிலும் விழுகிறது. கதவைச் சாத்தினால் வேர்வை, திறந்தால் மணல். மெசினை மாமியிடம் இரவல் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் வந்தால் எங்கே படுப்பது என்று பரீனா இப்போதே தலையணையை மாற்றி மாற்றி வைக்கிறாள்.

நிஸா


கொழும்பு
12.06.1979

அன்பின் நிஸா,

அவசரமாக எழுதுகிறேன். தங்கரத்தினம் ஜூலை இருபதாம் திகதி வருகிறார். நோன்பு தொடங்க முதல் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி நான்தான் கேட்டேன். எல்லா மரமும் சுத்தமாகித் தெரிய ஒரு மாதம் வேண்டும். அதனால் இன்றைக்கு நாளைக்கு என்று வைக்காமல் தோட்டம் முழுக்க அடித்துவிடு. ஒரு மரமும் விடாதே.

எழுதும்போது வெளியே மழை ஊற்றுகிறது. றோட்டெல்லாம் வெள்ளம். மரம் செழித்து நிற்கிற நல்ல காலம் இது, அடிப்பதற்கு இதைவிட வேறு காலம் கிடைக்காது.

உன் கொப்புக் கதையை முதலாளிக்கும் வாசித்துக் காட்டினேன். மாமிக்கு நீ சொன்ன பதிலை மட்டும் வாசிக்கவில்லை, அது எனக்கு.

ஜவாஹிர்


கிண்ணியா
02.07.1979

மச்சான்,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தோட்டம் எரிந்துவிட்டது.

நெருப்பில்லை. நீங்கள் அனுப்பிய எண்ணெய். உங்கள் கடிதம் வந்த அடுத்த நாளே ஆள் பிடித்து, மெசினை நிரப்பி, காலையில் தொடங்கி வெயில் ஏற ஏற அடித்தோம். கச்சான் தீயாக வீசியது. மூன்றாம் நாள் பின் வரிசைகளில் இலை சுருண்டது. பிறகு ஓரம் கருகியது. இப்போது காலை எழுந்து பார்த்தால் மரத்தடியில் இலை மெத்தை. பிஞ்செல்லாம் கொட்டிவிட்டது. நான் கூட்டிக் கூட்டி அள்ளுகிறேன், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது.

கிணற்றடி மரங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவை சுத்தமாக, கண் கூசுகிற பச்சையில் நிற்கின்றன. இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அதுகளுக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் படுகிறது. பின்னால் நிற்பது எல்லாம் மாசியிலிருந்து மழை காணாமல் தாகத்தில் நின்ற மரம். காய்ந்த மரத்தில், கச்சானில், உச்சி வெயிலில் எண்ணெயைப் பூசினால் அது வேறு என்ன செய்யும்?

மழை ஊற்றுகிறது, நல்ல காலம் என்று எழுதினீர்கள். எங்கே மச்சான் மழை? உங்களுக்கு மழை பெய்தால் எங்களுக்குக் கச்சான். அது கிண்ணியாவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பிறந்த ஊர்க் காற்றையே மறந்துவிட்டீர்களே. அப்படியென்றால் எங்களை மறக்க எவ்வளவு நேரம் ஆகும் உங்களுக்கு?

நான் மட்டும் என்ன. கச்சான் என்று என் கையால் எழுதின கடிதத்தை அனுப்பிவிட்டு, அதே கையால் மெசினைத் தூக்கினேன். உங்களுக்கு அவசரம். எனக்கு உங்களைவிட அவசரம்.

நிஸா


கொழும்பு
08.07.1979

அன்பின் நிஸா,

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. நீ எழுதினது எல்லாம் சரி. மறந்துதான் போனேன். கச்சானில் கூரை ஓலை பறக்கிறதைப் பார்த்து வளர்ந்தவன், யன்னலுக்கு வெளியே கொழும்பு மழையைப் பார்த்துக்கொண்டு உனக்குப் புத்தி எழுதினேன். என்னை நீ எவ்வளவு பேசினாலும் தகும். ஆனால் உங்களை மறக்க எவ்வளவு நேரம் என்று கேட்டாயே, அதை மட்டும் கேட்டிருக்க வேண்டாம். இங்கே நினைக்கிறதைத் தவிர எனக்கு வேறு சோலி இல்லை.

ஆனாலும் நிஸா, எல்லாம் முடிந்துபோகவில்லை. கிணற்றடி மரங்கள் நல்லாக இருக்கின்றன என்கிறாய். தங்கரத்தினம் அவ்வளவு பெரிய தோட்டக்காரர் இல்லை. வெயிலில் நடக்கவும் விருப்பமில்லாத மனிதர். அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போ. கதிரை போட்டு இரு என்று சொல்லு, இளநீர் கொடு. பின் வளவுக்குப் போகிற படலைக் கதவைக் கயிற்றால் கட்டி வை. கேட்டால், பின்னால் தண்ணீர் இல்லாமல் பட்டுப்போன மரங்கள் என்று சொல். அது முழுப் பொய்யும் இல்லைத்தானே. ஏஜென்சி கையில் வரட்டும். பிறகு எப்போது அடிக்கலாம், எப்போது அடிக்கக்கூடாது என்று நானே ஊருக்கு வந்து ஒவ்வொருவருக்கும் சொல்வேன்.

இதை எழுத எனக்கும் கை கூசுகிறது. ஆனால் இதைவிட்டால் நான் வர வேறு வழி தெரியவில்லை.

உன் ஜவாஹிர்


கிண்ணியா
22.07.1979

அன்புள்ள மச்சான்,

இதை நீங்கள் தங்கரத்தினம் ஐயாவின் வாயால் கேட்க முதல் என் கையால் அறிய வேண்டும். படலையை நான் திறந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடிதான் தொடங்கினேன். ஸஹாப்தீன் லீவு போட்டுவிட்டுத் துறையில் போய்க் கூட்டி வந்தான். கதிரை போட்டோம், இளநீர் கொடுத்தோம். ஐயா கிணற்றடி மரத்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு காயைப் பறித்து முகர்ந்து பார்த்தார். "சோக்கா வந்திருக்கு பிள்ளை. ஜவாஹிர் சொன்னது சரிதான்" என்று சொல்லிக் கையைக் கழுவப் போனார். எனக்கு நீங்கள் பாதையால் இறங்கி வருகிற மாதிரியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து உம்மு குல்சும் மாமி வேலிக்கு மேலால் கேட்கிறா: "தொரை, அந்த எண்ணெய் எனக்கும் ரெண்டு டின் வேணும். நாளைக்கே அடிச்சிடுவன். நஞ்சடிச்சி இந்தப் புள்ளைர கோழியக் கொன்ட பாவம் எனக்குப் போதும்." ஐயாவும், "ஓம் அம்மா, என்னட்ட வாகனத்தில இருக்கு" என்றார்.

நான் என்ன செய்ய? கச்சான் இப்போதும் வீசுகிறது. மாமியின் மரத்துக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தத் தோட்டத்தை விட்டால் அவவுக்குச் சோறு இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு நிற்கத்தான் பார்த்தேன் மச்சான், அல்லாஹ்வுக்காக நம்புங்கள். ஏலவில்லை. "ஐயா, இதையும் பாத்திட்டுக் குடுங்க" என்று படலைக் கயிற்றை அவிழ்த்தேன்.

அவர் பின் வளவு முழுக்க நடந்தார். வெயிலில்தான் நடந்தார். போகும்போது, "ஜவாஹிர் இதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். மாமிக்கு டின் கொடுக்கவில்லை.

என்னை ஏசுங்கள். ஆனால் எழுதாமல் மட்டும் இருக்க வேண்டாம்.

நிஸா


கொழும்பு
05.08.1979

நிஸாவுக்கு,

ஏஜென்சி இல்லை. வறண்ட ஊருக்கு இந்த எண்ணெய் சரிவராது என்று முதலாளி முடிவு சொல்லிவிட்டார். என்னைக் கூப்பிட்டு, மறைத்தாயா என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

பிறகு மாமிக்குத் தனியாகச் சொல்லித் தடுத்திருக்கலாம். ஐயா போன பிறகு ஒரு சொல் சொன்னால் போதுமாயிருந்தது. அது உனக்குத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் நல்லவளாக இருக்கிறாய், நான்தான் துறைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

பெருநாளைக்கு வரமாட்டேன். வெறுங்கையோடு வர எனக்கு ஏலாது. பிள்ளைக்குச் சட்டைத் துணி வேறாகத் தபாலில் வருகிறது.

ஜவாஹிர்


கிண்ணியா
27.08.1979

மச்சான்,

பெருநாள் போய்விட்டது. பரீனா உங்கள் துணியில் சட்டை தைத்துப் போட்டாள். பள்ளிவாசலிலிருந்து ஆண்கள் வரும்போது படலையில் நின்று பார்த்தாள். எல்லோரும் வந்து முடிந்ததும் உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். வாப்பா வரும்போது போடுவாளாம்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத் தொடங்கி அந்தத் தாளைக் கிழித்தேன். கோபம்தான். ஐயா போன பிறகு மாமிக்குச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன், சொல்லியிருக்கலாம்தான். அந்த நேரம் அந்தப் புத்தி வரவில்லை. கயிற்றை அவிழ்த்த கை என்னுடையது, அதை நான் வேறு யாருடைய கை என்று சொல்ல?

பின் வரிசை மரங்கள் சாகவில்லை. சில கொப்பு தளிர்த்திருக்கிறது. இதை எழுதுவதற்குத்தான் பேனையை எடுத்தேன், மற்றதெல்லாம் தானாக வந்துவிட்டது.

நிஸா


கொழும்பு
10.12.1979

அன்பின் நிஸா,

இவ்வளவு நாள் எழுதாமல் இருந்த என்னை என்ன பேர் சொல்லிப் பேசுவாயோ, பேசு. பரீனா சட்டையை மடித்து வைத்த கதையை வாசித்துவிட்டு எதை எழுதினாலும் பொய் மாதிரி இருந்தது.

இன்று ஒரு விஷயம் நடந்தது, அதை உனக்குச் சொல்லாமல் நித்திரை வராது. திருகோணமலைக்கு ஏஜென்ட் போட்டுவிட்டார்கள். டவுனில் ஒரு இரும்புக்கடை முதலாளி. வறண்ட ஊர் என்றவர்களே இப்போது, ஹோட்டல்கள் வருகின்றன, நஞ்சில்லாத காய் கேட்கிறார்கள், எண்ணெய் போகும் என்கிறார்கள். சந்தை பெருகினால் முதலாளிமாருக்குக் கண் தெரியும். அந்த டின்களை லொறியில் ஏற்றி எண்ணியவன் நான்தான். கிண்ணியாவுக்குப் போகிற டின்னிலும் என் கைதான் பட்டது. கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். உனக்குச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் ஒன்று செய்தேன். டின்னோடு போகிற துண்டுக் கடதாசியில் தமிழில் ஒரு வரி போட வைத்தேன்: கிழக்குப் பகுதியில் கச்சான் வீசும் காலத்தில், வறண்ட மரங்களுக்கு அடிக்க வேண்டாம். முதலாளி, இதைப் போட்டால் விற்பனை குறையும் என்று சத்தம் போட்டார். போடாவிட்டால் நான் ஏற்றமாட்டேன் என்று நின்றேன். தங்கரத்தினம் என் பக்கம் நின்று கதைத்தார். "அந்தப் பிள்ளை படலையைத் திறந்தபடியால்தான் எனக்கே விளங்கினது" என்றார்.

அவருக்கு விளங்கியது எனக்கு விளங்க ஐந்து மாதம் போனது, பார். பிழை என்னுடையது நிஸா. முதலில் காற்றை மறந்தேன், பிறகு உன்னை மறைக்கச் சொன்னேன், பிறகு மறைக்காததற்கு ஏசினேன். மன்னித்துக்கொள்.

இனிமேல் ஏஜென்சிக் கதை இல்லை. எதைக் கொண்டு வருவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

உன் ஜவாஹிர்


கிண்ணியா
03.02.1980

என் மச்சான்,

மன்னிப்பு எல்லாம் இருக்கட்டும். நல்ல செய்தி கேளுங்கள்.

மாரி மழை இந்த முறை நல்லாகப் பெய்தது. மழை விட்டு மண்ணில் ஈரம் இருக்கும்போதே, காலைப் பனியில், மிஞ்சிக் கிடந்த எண்ணெயைப் பின் வரிசைக்கு அடித்தேன். ஓம், எரிந்த அதே வரிசைக்கு. ஸஹாப்தீன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "ராத்தா, உங்களுக்கு விசரா?" என்றான். ஒரு இலை கருகவில்லை மச்சான். செதில் போய்விட்டது, எறும்பும் ஏறுவதை விட்டுவிட்டது. கனகசுந்தரம் ஐயா கூடையைக் கையில் வாங்கி, "இப்பதான் காய் மாதிரி இருக்கு, இன்னும் யாரிட்டயும் இருந்தாலும் கொண்டு வாரும்" என்றாராம். மற்ற ஹோட்டல்காரர்களும் கேட்கிறார்களாம்.

அந்தக் கதை ஊரெல்லாம் போய்விட்டது. சனம் டவுனில் டின்னை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வருகிறது. வாங்கிவிட்டு அடிக்கப் பயம். "உன்ட மரத்த எரிச்சதும் இதானே, நல்லாக்கினதும் இதானே, எப்ப அடிக்கிற, எப்பிடி அடிக்கிற, வந்து அடிச்சித் தா" என்கிறார்கள். மாமிதான் முன்னுக்கு. "மறைக்காமக் காட்டின புள்ள, அவள்ட வாயால கேட்டாத்தான் நான் அடிப்பன்" என்று எல்லோருக்கும் சொல்லித் திரிகிறா. நான் எத்தனை வளவுக்குப் போக? வீடும் பிள்ளையும் தோட்டமும் வைத்துக்கொண்டு எனக்கு ஏலுமா?

எண்ணெய் விற்க ஆள் இருக்கிறது மச்சான். அடிக்க ஆள் இல்லை. கிண்ணியாவிலிருந்து மூதூர் மட்டும் தேசியும் தோடையும் மாவும் நிற்கிற வளவெல்லாம் இருக்கின்றன. மெசினை முதுகில் கட்டி, வளவு வளவாகப் போய், காற்றுப் பார்த்து, ஈரம் பார்த்து அடிக்கிற வேலை. கச்சான் காலத்தில் படலையில் நின்று, இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிற வேலை. புடவைக்கடை முதலாளியாக இருந்தவருக்குக் கௌரவமாக இராது. சட்டையெல்லாம் எண்ணெயாகும். ஊரில் சிரிக்கவும் செய்வார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் வைத்திருந்து களைத்துவிட்டேன். அன்றைக்கு உச்சி வெயிலில் நான் பூச்சிக்கு அடிக்கவில்லை. நீங்கள் வரவேண்டும் என்றுதான் அடித்தேன். தொழிலோடு வந்தாலும் சரி, தொழிலில்லாமல் வந்தாலும் சரி, எனக்கு வேண்டியது நீங்கள்.

நிஸா


வெள்ளைமணல் துறையடி
09.03.1980, பின்னேரம்

நிஸா,

இதைக் கொண்டு வருகிறவர் பாதைக்காரர் ஸைனுலாப்தீன் காக்கா. அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடு.

வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். கொழும்பிலிருந்து ரயில் கோச்சியில் வரும்போது பெரிய வீரனாகத்தான் வந்தேன். பஸ்ஸில் சீனன்குடா கழியும்போதும் தைரியம் இருந்தது. துறையைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. கையில் ஒரு பெட்டியும், முதுகில் கட்டுகிற மெசின் ஒன்றும் இருக்கிறது. மெசினைத் தங்கரத்தினம் தன் கையால் தந்து அனுப்பினார். வேறு ஒன்றும் இல்லை.

பாதை வந்து போய்விட்டது, திரும்பவும் வந்து போய்விட்டது. நான் ஏறவில்லை. அக்கரையில் நமது ஊர்ச்சனம் நிற்கிறது. தொழிலோடு வருவேன் என்று வாய் வீரம் பேசின மாப்பிள்ளை மருந்து மெசினோடு இறங்குகிறான் என்று உன் தம்பிமாரைப் பார்த்துச் சிரிப்பார்கள். உனக்கு அது தலைகுனிவு இல்லையா? இந்த மரத்தடிக் கல்லில் இருந்து எழுதுகிறேன். உண்மையைச் சொல்லு, நான் வரட்டா?

ஜவாஹிர்


(அதே தாளின் பின்பக்கம்)

மச்சான்,

தேத்தண்ணி கொடுக்க நேரமில்லை, காக்காவை இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடி வந்துவிட்டேன். பாதைக் கம்பியில் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனம் சிரிக்கட்டும். காக்கா இதைக் கொண்டு வருவது கடைசிப் பாதை, இதை விட்டால் காலையில்தான். பரீனா மடித்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு உங்களுக்கு எவ்வளவு நேரமாகக் கையைக் காட்டுகிறாள் தெரியுமா? நீங்கள் குனிந்துகொண்டே இருக்கிறீர்களாம்.

எழுதினது போதும். தலையை நிமிர்த்திப் பாருங்கள், இக்கரையில் குடையோடு நிற்பது நான்தான்.